மூன்று நாளில் தீர வேண்டிய பீப்பாய்: இங்கிலாந்தின் கிராமத்துப் பப்பும் ரியல் ஏலும்

இங்கிலாந்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாகவே ஒரு குழப்பம். 2023 ஆகஸ்டில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கோணலாக நின்ற ஒரு பழைய பப் தீப்பற்றி எரிந்தது. இரண்டே நாளில் இடித்தும் தள்ளினார்கள். நாடே கொந்தளித்தது. 2024இல் ஒரு பெரிய பீர் நிறுவனம் கைப்பம்பு வழியாக எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று ஒரு சண்டை. அதே ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஒரு பைன்ட் பீருக்கு ஒரு பென்னி குறைத்தேன் என்றார். பப் நடத்துபவர்களோ கடையை மூட வேண்டியதுதான் என்கிறார்கள். குடிக்கும் கடைக்கு ஏன் இத்தனை அமளி?

இவை தனித்தனிச் செய்திகள் போலத் தெரிந்தாலும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பப்பின் நிலவறையில் கிடக்கும் பீப்பாய்தான் அந்த இடம். அதிலிருப்பது திறந்த சில நாளில் கெட்டுப்போகும் சரக்கு. அதை விற்றுத் தீர்க்க ஆள் வேண்டும். ஆள் வரச் சாப்பாடு வேண்டும். சாப்பாடு போட வாடகையும் வரியும் கட்டுபடியாக வேண்டும். அடியிலிருந்து பார்ப்போம்.

ரியல் ஏல்: எதில் வேறுபடுகிறது

முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர். எல்லா பீருக்கும் அடிப்படை இவைதான். இந்தியாவில் பீர் என்றாலே நினைவுக்கு வரும் மஞ்சள் நிற, சில்லென்ற பானம் லாகர் வகை; குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிப்பது. ஏல் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தில் வேகமாக நொதிப்பது. பழவாசனையும் நாக்கில் உணரும் கனமும் அதற்கு அதிகம்.

ஆனால் ரியல் ஏலை மற்ற ஏலிலிருந்து பிரிப்பது சேர்மானம் அல்ல, நொதித்தல் எங்கே முடிகிறது என்பது. ஆலையிலேயே நொதித்தலை முடித்து, வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கிக் கிருமி நீக்கி, உலோகக் கலனில் அடைத்து, கரியமில வாயுவின் அழுத்தத்தால் குழாய்க்குத் தள்ளினால் அது கெக் பீர். ஈஸ்ட்டை உயிரோடு விட்டுப் பீப்பாயில் அடைத்து, பப்பின் நிலவறையிலேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, வெளியிலிருந்து வாயு எதுவும் செலுத்தாமல் ஊற்றினால் அது ரியல் ஏல். காஸ்க் ஏல் என்றும் சொல்வார்கள். இறக்கிய கள் நேரம் ஆக ஆக மாறிக்கொண்டே இருப்பதுபோல இதுவும் கடைசிக் கோப்பை வரை மாறும்.

1960களில் பெரிய ஆலைகள் கெக் பக்கம் சாய்ந்தன. கெடாது, அனுப்புவது எளிது, ஊற்றுகிறவருக்குத் திறமை தேவையில்லை. வாட்னீஸ் ஆலையின் ரெட் பேரல் அந்தக் காலத்துக் கெக் பீருக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது, சுவைக்காகப் பெற்ற பெயர் அல்ல. இந்தப் போக்கைப் பிடிக்காத நான்கு இளைஞர்கள் 1971இல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு விடுமுறைக்குப் போனபோது ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் கேம்ரா. ரியல் ஏல் என்ற பெயரே அந்த இயக்கத்தின் வழியாகத்தான் பரவியது. பிரிட்டனின் வெற்றிகரமான நுகர்வோர் இயக்கங்களைப் பட்டியலிட்டால் இதை விட்டுவிட முடியாது.

நிலவறையில் என்ன நடக்கிறது

ரியல் ஏலின் பாதி வேலை ஆலையில், மீதி பப்பில். இந்த மீதிதான் பலருக்குத் தெரியாத பகுதி.

1. பீப்பாய் வந்ததும் அதை நிமிர்த்தி வைப்பதில்லை. ஒரு தாங்கியின் மேல் வயிற்றுப்பக்கம் தரையைப் பார்க்கப் படுக்க வைத்து, உருளாமல் ஆப்பு வைத்து நிறுத்துவார்கள். கசடு அந்த வயிற்றில் போய்ப் படியும். அதற்குப் பிறகு அதை அசைக்கக் கூடாது.

2. மேல்புறத் துளையை ஒரு மூடி அடைத்திருக்கும். அதன் நடுவில் மூங்கில் அல்லது மென்மரத்தாலான சிறு முளையை அடிப்பார்கள். நுண்துளை உள்ள மரம் என்பதால் வாயு அதன் வழியே கசியும். முளையைச் சுற்றி நுரை கொப்பளிக்கும். துடைத்தால் மறுபடி வரும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்த்தே உள்ளே நொதித்தல் எந்த நிலையில் இருக்கிறது என்று அனுபவசாலி சொல்லிவிடுவார்.

3. கொப்பளிப்பு அடங்கியதும் கடின மரத்தாலான முளையை மாற்றி அடிப்பார்கள். மிச்ச வாயு பீரிலேயே தங்கும். நாக்கில் படும் மெல்லிய சுறுசுறுப்பு அதுதான். சோடாவைப்போலச் சுரீரென்று ஏறாது.

4. கசடு விரைவாக அடங்க, ஆலையிலேயே ஒரு தெளிவூட்டி சேர்த்திருப்பார்கள். வழக்கமான தெளிவூட்டி மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். கசடோடு சேர்ந்து அதுவும் அடியில் படிந்துவிடும் என்றாலும், சுத்த சைவம் என்று இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. இது சேர்க்காமல் கலங்கலாகவே விற்கும் சிறு ஆலைகள் இப்போது பல உண்டு.

5. பீர் தெளிந்ததும் முன்பக்கத் துளையில் குழாயை ஒரே அடியில் இறக்க வேண்டும். தயங்கித் தயங்கி அடித்தால் முகத்தில்தான் தெறிக்கும். அங்கிருந்து ஒரு குழாய் மேலே, பானம் ஊற்றித் தரும் மேடையில் உள்ள கைப்பம்புக்குப் போகும். பம்பின் நீண்ட கைப்பிடியை இழுத்தால் பீர் உறிஞ்சப்பட்டு மேலே வரும். 1797இல் ஜோசப் பிராமா என்ற பொறியாளர் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழித்தோன்றல் இது.

நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஆங்கிலேயர்கள் சூடான பீர் குடிக்கிறார்கள் என்ற கேலி இங்கிருந்துதான் பிறந்தது. சூடு இல்லை, அது நிலவறைக் குளிர். இன்னும் குளிர்வித்தால் பார்லியின் இனிப்பும் ஹாப்ஸின் மணமும் அமுங்கிவிடும். நிலவறைக் குளிர் இல்லாமல் வெதுவெதுப்பாகவே ஒரு பைன்ட் வந்தால் அது மரபு அல்ல, பராமரிப்புக் கோளாறு.

நுரையிலும் ஒரு வடக்கு தெற்கு உண்டு. யார்க்ஷயர் பக்கம் பம்பின் வாயில் சிறு துளைகள் உள்ள மூக்கை மாட்டி, பாலாடை போலக் கெட்டியான நுரையோடு ஊற்றுவார்கள். தெற்கே அதைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட நுரையே இல்லாமல் விளிம்புவரை நிரப்புவார்கள். எது சரி என்று ஒரு பப்பில் உரக்கக் கேட்காமல் இருப்பது உத்தமம்.

72 பைன்ட் கணக்கு

கெக்கில் பீர் வெளியேறும்போது அந்த இடத்தை வாயு நிரப்புகிறது. காஸ்க்கில் அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. காற்று பட்ட நேரத்திலிருந்து பீர் சாகத் தொடங்குகிறது. முதலில் மணம் மங்கும், பிறகு சப்பென்று ஆகும், கடைசியில் காடி. குழாய் அடித்த பிறகு சுமார் மூன்று நாள் என்பது தொழிலில் எல்லோரும் ஏற்கும் கெடு.

பப்களுக்கு வழக்கமாக வரும் பீப்பாய் ஃபிர்கின். 9 காலன், அதாவது 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி. கசடோடு போகும் அடிமட்டத்தை விட்டுவிட்டாலும், மூன்று நாளில் தீர்க்க நாளுக்கு இருபதுக்கு மேல் விற்க வேண்டும். மேடையில் மூன்று கைப்பம்புகள் என்றால் அதைப்போல மூன்று மடங்கு. லண்டனில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் இது ஒன்றுமே இல்லை. முந்நூறு பேர் வாழும் கிராமத்தில், பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை, வெளியே தூறல். அங்கே இது பெரிய எண்.

இந்தக் கணக்கிலிருந்து கிராமத்துப் பப்பின் பல வழக்கங்கள் கிளைக்கின்றன. திங்கள், செவ்வாய் கதவு மூடியிருக்கும். மேடையில் மூன்று பம்பு இருந்தும் ஒன்றில் மட்டும் பீரின் பெயர் எழுதிய வில்லை தொங்கும். மற்றதில் வில்லையைத் திருப்பி வைத்திருப்பார்கள், இன்று இல்லை என்று பொருள். சில இடங்களில் பின் எனப்படும் பாதி அளவுப் பீப்பாய் வாங்குவார்கள், 36 பைன்ட். பத்துப் பம்புகளும் நிரம்பிய மேடையைப் பார்த்து மயங்க வேண்டாம். கூட்டம் இல்லாத பப்பில் பத்து ஏல் என்றால், அதில் பல நேற்றைக்கு முந்தைய நாளையவை. இரண்டே பம்பு, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அங்கே உட்காரலாம்.

சாப்பாடு எப்படி நுழைந்தது

ஊர்க்காரர்கள் மட்டும் குடித்துத் தீர்க்க முடியாது என்றால் வெளியூர்க்காரர்கள் வர வேண்டும். நடைபயணிகள் வருவார்கள், ஆனால் பெரும்பாலோர் காரில்தான் வருவார்கள். அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1967 சாலைப் பாதுகாப்புச் சட்டம் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கு வரம்பு வைத்தது: 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். இங்கிலாந்தில் அந்த வரம்புதான் தொடர்ந்து வந்தது; ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்தது. எத்தனை பைன்ட் குடித்தால் வரம்பைத் தொடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஓட்டுபவர் தொடாமலிருப்பதே பத்திரம்.

அப்புறம் அவர் எதற்கு வர வேண்டும்? சாப்பிட. 2007 ஜூலையில் இங்கிலாந்தின் பப்களுக்குள் புகைக்கத் தடை வந்ததும் குடும்பங்கள் வருவது இன்னும் எளிதாயிற்று, வெறும் குடிக்கடையாக இருந்தவை அடிபட்டன. இன்று பல கிராமத்துப் பப்களில் வருமானத்தைத் தருவது சமையலறை. ஏல் அந்த இடத்தின் குணத்தைத் தருகிறது.

கரும்பலகையில் எழுதியிருக்கும் பட்டியலில் பை, மீனும் சிப்ஸும், தொத்திறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் தவறாமல் இருக்கும். கத்தியை வைத்தால் பையின் மேலோடு நொறுங்கி, உள்ளிருந்து ஏல் சேர்த்து வேகவைத்த மாட்டிறைச்சியின் கருஞ்சாறு தட்டில் வழிய வேண்டும். ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே மட்டும் ஒரு மாவுத் தகட்டை மூடிக் கொடுத்தால், பை என்று பெயர் வைத்ததற்கே கோபப்படும் ஆட்கள் இருக்கிறார்கள். நியாயமான கோபம்தான். உழவர் மதிய உணவு என்ற பெயரில் வரும் பிளவ்மன்ஸ் லஞ்ச், செடார் சீஸ், ரொட்டி, ஊறிய வெங்காயம், இனிப்பும் புளிப்புமான சட்னி சேர்ந்தது. பெயரைப் பார்த்து நூற்றாண்டுப் பழமை என்று நினைக்கத் தோன்றும். ரொட்டியும் சீஸும் பழையதுதான். அந்தப் பெயரைப் பப்களெங்கும் பரப்பியது 1950, 60களில் சீஸ் விற்பனையைப் பெருக்க நடந்த விளம்பரம்.

முதல்முறை போகிறவர்களைத் தடுமாற வைப்பது உணவல்ல, நடைமுறை:

1. மேசையில் உட்கார்ந்தால் யாரும் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது. மேடைக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, சாப்பாட்டையும் பானத்தையும் அங்கேயே சொல்ல வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. அடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

2. பப் நாள் முழுக்கத் திறந்திருந்தாலும் சமையலறை அப்படியல்ல. மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலை ஆறுக்குத்தான் திறப்பது வழக்கம். மூன்று மணிக்குப் பசியோடு போனால் சிப்ஸ் பாக்கெட்தான்.

3. ஞாயிறு மதியம் வாட்டிய இறைச்சி, வாட்டிய உருளைக்கிழங்கு, யார்க்ஷயர் புட்டிங் (இனிப்பு அல்ல, மாவுக் கரைசலைச் சுட்டது), கிரேவி. முன்பதிவு இல்லாமல் நல்ல பப்பில் இடம் கிடைப்பது அரிது. நான்கு மணிக்குள் தீர்ந்தும் போகும்.

4. மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியவர் உடனிருந்து, அவரே வாங்கிக் கொடுத்தால், 16, 17 வயதினர் சாப்பாட்டோடு பீர், ஒயின், சைடர் குடிக்க இங்கிலாந்தில் சட்டம் அனுமதிக்கிறது. பப் மறுக்கலாம்.

பப் யாருடையது என்பது ஏன் முக்கியம்

கோப்பையில் எந்த ஏல் வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டடத்தின் பத்திரம். ஃப்ரீ ஹவுஸ் என்று பலகை இருந்தால் நடத்துபவர் யாரிடம் வேண்டுமானாலும் பீர் வாங்கலாம். பீர் ஆலைக்கே சொந்தமான பப்பில் அந்த ஆலையின் சரக்குதான் பிரதானம். மூன்றாவது வகைதான் சிக்கல்: ஆலையே இல்லாத ஒரு சொத்து நிறுவனம் பப்பைக் குத்தகைக்கு விட்டு, பீரையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று கட்டிப்போடுவது. இப்படிக் கட்டுப்பட்ட குத்தகைதாரர் வெளிச்சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தே பீர் வாங்குவார். பதிலுக்கு வாடகை குறைவு, வேறு உதவிகள் உண்டு என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அந்தக் குறைவு இந்தக் கூடுதலை ஈடுகட்டுகிறதா என்பதில்தான் பல ஆண்டு வழக்கு.

இந்தச் சொத்து நிறுவனங்கள் வளர்ந்ததே ஒரு சீர்திருத்தத்தின் விளைவு. 1980களில் ஆறு பெரிய ஆலைகள் சந்தையைப் பிடித்து வைத்திருந்தன. அதை உடைக்க 1989இல் அரசு ஒரு ஆணை போட்டது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, அந்த மிகுதியில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். தன் குத்தகைதாரரை வேறு ஆலையின் காஸ்க் ஏல் ஒன்றையாவது விருந்தாளியாக விற்கவிட வேண்டும். நல்ல நோக்கம். ஆலைகள் பப்களைக் கும்பலாக விற்றன. வாங்கியவை ஆலை இல்லாத புது நிறுவனங்கள். ஆலை இல்லை என்பதால் அவற்றுக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. முதலாளி மாறினார், கட்டு அப்படியே இருந்தது. 2003இல் ஆணையை ரத்துசெய்தபோது அது பெரிதாக யாரையும் பாதிக்கும் நிலையில் இல்லை.

2016 ஜூலையில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பப் நெறிமுறை வந்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப்பட்ட பப்கள் வைத்திருக்கும் நிறுவனங்களின் குத்தகைதாரர், குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில், சந்தை வாடகை மட்டும் கட்டிவிட்டுப் பீரை வெளியே வாங்கும் உரிமையைக் கேட்கலாம். கேட்கலாம் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் நடுவில் நிறைய வழக்கறிஞர் கட்டணம் இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் ஆலை வைத்திருப்பவரின் ஏல் உங்கள் ஊர்ப் பப்பில் கிடைக்காமல் இருப்பதற்குச் சுவை காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு பென்னியின் அரசியல்

2023 ஆகஸ்டிலிருந்து பிரிட்டனில் மதுவரி ஆல்கஹாலின் வீரியத்தைப் பொறுத்தது. பெரிய கலனிலிருந்து ஊற்றி விற்கும் பீருக்குத் தனிச் சலுகை. சூப்பர் மார்க்கெட் கேனுக்கு அது இல்லை. முதலில் 40 லிட்டர் கலனுக்குத்தான் சலுகை என்றார்கள். சிறு ஆலைகள் கூச்சல் போட்டதும் 20 லிட்டராகக் குறைத்தார்கள். முன்பு சொன்ன ‘பின்’ என்னும் பாதி அளவுப் பீப்பாயின் கொள்ளளவு 20 லிட்டருக்குக் கொஞ்சமே அதிகம், தப்பித்தது. இன்னொரு விளைவும் உண்டு: 3.4 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ள பீருக்கு, அதில் இருக்கும் ஆல்கஹாலுக்கான வரி வீதம் பாதிக்கும் குறைவு. பழக்கப்பட்ட சில பீர்களின் வீரியம் அந்த எண்ணுக்குச் சத்தமில்லாமல் இறங்கியது இதனால்தான்.

2025 பிப்ரவரியில் ஊற்றி விற்கும் பீருக்கான வரியை இன்னும் 1.7 விழுக்காடு குறைத்தார்கள். சராசரி பைன்ட்டுக்கு அந்த ஒரு பென்னி. அதே ஆண்டு ஏப்ரலில் ஊழியருக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 13.8இலிருந்து 15 விழுக்காடாக ஏறியது. ஆண்டுக்கு 9,100 பவுண்டுக்கு மேல் சம்பளம் இருந்தால் கட்ட வேண்டும் என்றிருந்தது 5,000 பவுண்டு ஆனது. பகுதி நேர ஊழியர்களை நம்பியிருக்கும் பப்புக்கு இரண்டாவதுதான் பலமான அடி. வணிகச் சொத்து வரியில் இருந்த 75 விழுக்காடு தள்ளுபடியும் 40 ஆனது. இதற்கெல்லாம் மேல், பப்பில் சாப்பிடும் பைக்கு 20 விழுக்காடு வாட். சூப்பர் மார்க்கெட்டில் குளிர்ந்த நிலையில் வாங்கிப்போய்ச் சூடாக்கும் பைக்கு வாட் இல்லை. சமையலறைதான் பப்பைத் தாங்குகிறது என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பென்னிக்கு யாரும் ஏன் கைதட்டவில்லை என்பது புரியும்.

மூடிய பிறகு

தோட்டமும் கார் நிறுத்துமிடமும் உள்ள கிராமத்துப் பப், பப்பாக இருப்பதைவிட வீடாக மாறினால் அதிக விலை போகும். இந்த இழுப்பைத் தடுக்க இரண்டு சட்டங்கள் உண்டு. 2017 மே முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி இல்லாமல் பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது. 2011 உள்ளாட்சிச் சட்டத்தின்படி ஊரார் தங்கள் பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியலாம். விற்பனைக்கு வந்தால் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். ஆனால் ஊராருக்குத்தான் விற்க வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார் இந்தச் சட்டத்துக்கு முன்பே, 2003இல், ஓல்டு கிரவுன் பப்பைக் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். அதன் பின்புறமுள்ள சிறு ஆலை அதற்கு முன்பே கூட்டுறவாகியிருந்தது. பிரிட்டனில் ஊர் சேர்ந்து வாங்கும் பப்களுக்கு முன்னோடி அது.

எதிர் உதாரணம், தொடக்கத்தில் சொன்ன ஹிம்லி ஊரின் குரூக்டு ஹவுஸ். 1765இல் பண்ணை வீடாகக் கட்டிய கட்டடம், அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒருபக்கம் சுமார் நான்கு அடி இறங்கி, கோணலே புகழாகிவிட்ட பப். கைமாறிய சில நாளில் தீ, இரண்டு நாளில் இயந்திரம். அந்த அளவுக்கு இடிக்க அனுமதி கொடுக்கவில்லை என்றது உள்ளாட்சி மன்றம். 2024 பிப்ரவரியில், பழையபடியே மூன்று ஆண்டுக்குள் கட்டித்தர வேண்டும் என்று அது அறிவிக்கை கொடுத்தது. உரிமையாளர் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

கைப்பம்புச் சண்டை

2024இல் கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம் ஃப்ரெஷ் ஏல் என்று ஒன்றை இறக்கியது. கெக்கில் அடைத்த பீர். ஆனால் மேடையில் கைப்பம்பு வழியாக ஊற்றுவது. மூன்று நாள் கெடு இல்லை, விற்பனை மந்தமான பப்பும் வீணாக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பது நிறுவனத்தின் வாதம். மேலே பார்த்த 72 பைன்ட் கணக்குக்கு அது ஒரு நேர்மையான விடைதான். கேம்ராவின் எதிர்ப்பு பீரைப் பற்றியதைவிடக் கைப்பிடியைப் பற்றியது. கைப்பம்பைக் கண்டால் காஸ்க் என்று வாடிக்கையாளர் அரை நூற்றாண்டாக நம்பிவருகிறார். அந்த அடையாளத்தின் பின்னால் கெக்கை வைப்பது ஏமாற்று என்று சொல்லி, வணிக நெறி அதிகாரிகளிடம் புகார் கொடுத்தது. பழைய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பழைய உழைப்பை மட்டும் விட்டுவிடப் பார்த்ததில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் குறைவு என்றே தோன்றுகிறது. கெக்குக்குரிய குழாயில் ஊற்றியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை.

ஆகவே வில்லையில் காஸ்க் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம், இல்லாவிட்டால் கேட்கலாம். ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்டாலும் பெரும்பாலும் கொடுப்பார்கள். வாங்கிய பைன்ட்டில் காடி வாசனை அடித்தால் மேடைக்கு எடுத்துப்போய் மெதுவாகச் சொன்னால் போதும். முகர்ந்து பார்த்துவிட்டு மாற்றித் தருவது அங்கே வழக்கம். அதைப் பாதி குடித்து முடித்துவிட்டுச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.